எத்தனை வரி, எந்த வரி? தரவுத்தளத்தில் ‘லிமிட்’ செய்வதும் செய்யாததும்

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் ரப்பர் ஷீட் எடுக்கும் ஒரு கடைக்குச் சில ஆண்டுகளுக்கு முன் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்திருந்தேன். யார், எந்தத் தேதியில், எத்தனை கிலோ கொண்டுவந்தார், அன்றைய விலை என்ன, பாக்கி எவ்வளவு என்று எல்லாம் அதில் ஏறும். ஒரு டிசம்பரில் கடை அண்ணாச்சிக்கு ஓர் ஆசை. அந்த ஆண்டு அதிகமாக ஷீட் கொடுத்த பத்துப் பேருக்குக் கிறிஸ்துமஸை ஒட்டி ஆளுக்கொரு பரிசுப் பொட்டலம் கொடுக்க வேண்டும். கடையில் கணினி பார்க்கும் தம்பி கேட்ட மாத்திரத்தில் பத்துப் பெயரை அச்செடுத்துக் கொடுத்தான். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஆண்டு மொத்தக் கிலோவும் இருந்தது. அந்தக் கிலோக்களில் ஒரு பிழையும் இல்லை.

பொட்டலங்கள் கொடுத்து முடித்த மறுவாரம், வயதான ஓர் அம்மா தலைச்சுமையாகக் கொண்டுவந்த ஷீட் கட்டைத் தராசில் இறக்கினார். புகைமணம் போகாத ஷீட். எடை போட்டு முடியும்வரை அவர் ஒன்றும் பேசவில்லை. பிறகு அந்தத் தம்பியைப் பார்த்து, “மக்களே, மழை நாளைத் தள்ளிவிட்டுப் பார். இந்த வருஷம் நான் ஷீட் கொண்டுவராத வாரம் ஒன்று உண்டா?” என்று கேட்டார்.

கணினியில் எடுத்துப் பார்த்தார்கள். அந்த ஆண்டின் மூன்றாவது பெரிய மொத்தம் அவருடையது. ஆனால் பட்டியலில் பெயர் இல்லை. பட்டியலில் இருந்த பத்துப் பேரும் மென்பொருள் வந்த முதல் நாளில் பெயர் பதிந்தவர்கள்; உறுப்பினர் எண்ணில் முன்னால் நிற்பவர்கள், அவ்வளவே.

அன்று இரவே எனக்குத் தொலைபேசி வந்தது. தம்பி எழுதியதை வாங்கிப் பார்த்தேன். கூட்டல் சரி, தேதி சரி. கடைசியில் ‘லிமிட் 10’ என்று போட்டிருந்தான். பத்து என்று சொல்லியிருந்தான். எந்தப் பத்து என்று எங்குமே சொல்லவில்லை.

இந்தப் பிழையை நான் பலரிடம் பார்த்திருக்கிறேன். கணினிக் கல்வி முடித்து வேலைக்கு வந்தவர்களும் “லிமிட் போட்டால் முதல் பத்து வரும்” என்று கூசாமல் சொல்கிறார்கள். ‘முதல் பத்து’ என்ற சொல்லுக்குள்ளேயே இரண்டு பொருள் ஒளிந்திருக்கிறது. வகுப்பில் முதல் பத்து மாணவர்கள் என்றால் மதிப்பெண்ணில் உயர்ந்தவர்கள். வாசலில் வந்த முதல் பத்துப் பேர் என்றால் முன்னதாக வந்தவர்கள். லிமிட் இந்த இரண்டில் எதையும் குறிப்பதில்லை. அது எதைக் குறிக்கிறது என்று அடியிலிருந்து பார்க்கலாம்.

அட்டவணை, வரி, வினவல்

தரவுத்தளம் என்பது தகவல்களை அட்டவணைகளாகப் போட்டு வைத்துக் கேட்டபோது எடுத்துத் தரும் மென்பொருள். கடையின் பற்றுவரவு நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள், ஒருவர், ஒரு எடை என்று எழுதிய ஒரு பதிவு ஒரு வரி. தேதி, பெயர், கிலோ என்று மேலிருந்து கீழே ஓடும் ஒவ்வொரு கட்டமும் ஒரு புலம். தரவுத்தளத்திடம் நாம் கேட்கும் கேள்வி வினவல். அந்தக் கேள்வியை எழுதும் மொழி எஸ்.க்யூ.எல்.

சொல் விஷயத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் வரி என்பதைப் பலர் ‘வரிசை’ என்று எழுதுகிறார்கள். தமிழில் வரிசை என்ற சொல் ஒழுங்கையும் குறிக்கும், காத்திருப்போர் நிற்பதையும் குறிக்கும். அட்டவணையில் இருப்பவை ‘வரிசைகள்’ என்று கேட்ட மனம், அவை ஏதோ ஒழுங்கில் நிற்பதாகத் தானாகவே நம்பிவிடுகிறது. அதனால் இந்தக் கட்டுரை முழுவதும் பதிவை ‘வரி’ என்றும், ஒழுங்கை மட்டும் ‘வரிசை’ என்றும் எழுதுகிறேன்.

இனி ஒரு வினவல்:

செலக்ட் பெயர், கிலோ ஃப்ரம் ஆண்டுமொத்தம் லிமிட் 10

கணினியில் செலக்ட், ஃப்ரம், லிமிட் ஆகிய சொற்களை ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்ய வேண்டும். வாசிக்க வசதியாக ஒலிப்பை இங்கே தமிழில் தருகிறேன். ‘ஆண்டுமொத்தம் என்ற அட்டவணையிலிருந்து பெயரையும் கிலோவையும் எடு; பத்து வரி போதும்’ என்பது இதன் பொருள். தம்பி கேட்டதும் சாரத்தில் இதுதான்.

துறைமுகத்தில் ஒரு மீன் குவியல்

தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்துக்கோ குளச்சலுக்கோ விடியற்காலையில் போயிருப்பவர்களுக்கு இந்தக் காட்சி தெரியும். வள்ளத்திலிருந்து இறக்கிய மீன் தரையில் குவிந்து கிடக்கிறது. பக்கத்தில் நிற்கும் பையனிடம், “தம்பி, ஐந்து மீன் எடு” என்கிறீர்கள். அவன் கைக்கு எட்டிய ஐந்தை எடுத்துத் தருவான். குனிந்த இடத்தில் என்ன கிடந்ததோ அது. அவன்மேல் குற்றம் இல்லை. நீங்கள் கேட்டது அவ்வளவுதான்.

“இருப்பதில் பெரிய ஐந்து எடு” என்றால் வேலையே வேறு. இப்போது அவன் குவியலைக் கிளற வேண்டும், ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். எத்தனை என்பதோடு, எதை வைத்து என்றும் நீங்கள் சொல்லிவிட்டீர்கள்.

தரவுத்தளத்தில் ‘எதை வைத்து’ என்று சொல்லும் சொல் ஆர்டர் பை. அதன்பின் புலத்தின் பெயரைச் சொன்னால் அதைக்கொண்டு வரிகள் வரிசைப்படும். பெரியதிலிருந்து சிறியதற்கு வேண்டும் என்றால் டெஸ்க் என்று சேர்க்க வேண்டும்; சேர்க்காவிட்டால் சிறியதிலிருந்து தொடங்கும். அண்ணாச்சிக்கு வேண்டியிருந்த வினவல் இது:

செலக்ட் பெயர், கிலோ ஃப்ரம் ஆண்டுமொத்தம் ஆர்டர் பை கிலோ டெஸ்க் லிமிட் 10

ஆர்டர் பை வரிசையாக்குகிறது. அந்த வரிசையின் தலைப்பக்கத்திலிருந்து பத்தை எண்ணி, மீதியை நிறுத்திவிடுகிறது லிமிட். வரிசையே இல்லாதபோது அது கைக்கு எட்டிய பத்தை எண்ணுகிறது.

நேற்றுச் சரியாக வந்ததே!

இங்கே ஒரு கேள்வி கட்டாயம் எழும். “ஆர்டர் பை இல்லாமலே நான் ஆறு மாதமாக ஓட்டுகிறேன். எப்போதும் நுழைத்த வரிசையில்தான் வருகிறது.” உண்மைதான், பெரும்பாலும் அப்படி வரும். அந்தப் பழக்கத்தை நம்பித்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். ஏன் வருகிறது, எப்போது மாறும் என்பதைக் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்ப்பது நல்லது.

இன்றைய தரவுத்தளங்களின் அடித்தளம் 1970-இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் வெளியிட்ட ஒரு கட்டுரை. அதில் அட்டவணையை அவர் கணிதத்தில் சொல்லும் ‘கணம்’ போலக் கருதினார். பள்ளியில் படித்த கணம்தான்: ஒன்று, இரண்டு, மூன்று அடங்கிய கணமும் மூன்று, ஒன்று, இரண்டு அடங்கிய கணமும் ஒன்றே. கணத்தில் உறுப்பு உண்டு, வரிசை கிடையாது. ஆகவே ‘அட்டவணையின் முதல் வரி’ என்ற பேச்சுக்கே அடிப்படையில் இடமில்லை. வரிசை வேண்டும் என்றால் கேட்பவர்தான் சொல்ல வேண்டும்.

செயலில் என்ன நடக்கிறது? தரவுத்தளம் வரிகளை வட்டில் ‘பக்கம்’ என்ற சம அளவுத் துண்டுகளில் எழுதுகிறது. போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தில் ஒரு பக்கம் வழக்கமாக 8 கிலோபைட். புதிய அட்டவணையில் பக்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிரம்புவதால், வாசிக்கும்போது நுழைத்த வரிசையிலேயே வரிகள் வருகின்றன. ஒரு வரியை அழித்தால் அந்த இடம் காலியாகும். பிறகு வரும் புதிய வரி அங்கே போய் உட்காரலாம். போஸ்ட்கிரெஸில் ஒரு வரியைத் திருத்தினால் பழையது அப்படியே நிற்க, திருத்திய பிரதி வேறிடத்தில் எழுதப்படுகிறது. ஆக, ஒருவருடைய தொலைபேசி எண்ணை மாற்றிய ஒரே காரணத்தால் அவருடைய வரி பட்டியலின் தலையிலிருந்து வாலுக்குப் போய்விடலாம்.

இன்னொன்றும் உண்டு. பெரிய அட்டவணை ஒன்றை ஒருவர் முழுவதும் வாசித்துக்கொண்டிருக்கும்போது நீங்களும் அதையே கேட்டால், போஸ்ட்கிரெஸ் உங்களை நடுவழியில் அவரோடு சேர்த்துவிடும். சுற்றி வரும் பஸ்ஸில் வடசேரியில் ஏறினால் வடசேரிதான் உங்களுக்கு முதல் நிறுத்தம். அதேபோல வாசிப்பு எங்கே போய்க்கொண்டிருந்ததோ அங்கிருந்து உங்கள் ‘முதல் பத்து’ தொடங்கும். வட்டை இருமுறை படிக்கும் உழைப்பு அதனால் மிச்சம். வரிசையை நீங்கள் கேட்காததால் அதற்கு அந்த உரிமை இருக்கிறது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிச் சொன்னால்: அட்டவணைக்கென்று சொந்த வரிசை இல்லை. லிமிட் எண்ணிக்கையை மட்டும் குறிக்கிறது. ஆர்டர் பை இல்லாமல் வரும் பத்து வரிகள், கேட்ட நேரத்தில் எளிதில் கிடைத்த பத்து.

ஆர்டர் பை இல்லாத லிமிட்டுக்கும் பயன் உண்டு. புதிய அட்டவணையில் என்னென்ன புலங்கள், எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று ஒரு பார்வை பார்க்க ஐந்து வரி போதும். எந்த ஐந்தானாலும் சரி. தோவாளைப் பூச்சந்தையில் மூட்டையிலிருந்து ஒரு கை பிச்சியை அள்ளி முகர்ந்து பார்ப்பதுபோல. அள்ளிய கைப்பிடியை வைத்து மூட்டையிலேயே சிறந்த பூ இதுதான் என்று யாரும் சொல்வதில்லை.

குறைவாகக் கேட்டால் வேலை குறையுமா?

இரண்டாவது பெரிய தவறான எண்ணம் இது. பத்தே வரிதானே கேட்கிறோம், தரவுத்தளத்துக்குப் பத்து வரிக்கு உண்டான வேலைதானே என்று நினைப்பது.

மீன் குவியலுக்குத் திரும்புவோம். ஐந்து பெரிய மீன்தான் உங்களுக்கு வேண்டும். ஆனால் குவியலில் ஆயிரம் மீன் இருந்தால் ஆயிரத்தையும் பார்க்காமல் பெரிய ஐந்தை எப்படிச் சொல்ல முடியும்? பார்க்காமல் விட்ட ஒன்று எல்லாவற்றையும் விடப் பெரிதாக இருக்கலாமே. பத்து லட்சம் வரி உள்ள அட்டவணையில் ‘அதிக கிலோ பத்து’ என்று கேட்டாலும் அதே நிலைமைதான். உங்கள் திரைக்கு வருவது பத்து. தரவுத்தளம் புரட்டியது பத்து லட்சம்.

புரட்டினாலும் அது புத்திசாலித்தனமாகப் புரட்டும். ஆயிரம் மீனையும் அளவுவாரியாக அடுக்கி முடித்துவிட்டு ஐந்தை எடுப்பது வீண் உழைப்பு. அனுபவப்பட்ட கை ஒரு சின்னக் கூடையை வைத்துக்கொள்ளும். முதலில் கண்ட ஐந்தைக் கூடையில் போடும். ஆறாவது மீனைக் கூடையில் உள்ள மிகச் சிறியதோடு மட்டும் ஒப்பிடும். பெரிதானால் உள்ளே, சின்னது வெளியே. இல்லாவிட்டால் ஆறாவது அப்படியே ஒதுங்கும். குவியல் முடியும்போது கூடையில் இருப்பவைதான் பெரிய ஐந்து. தரவுத்தளங்களும் இதைத்தான் செய்கின்றன. லிமிட் 10 என்று தெரிந்தவுடன் பத்து வரி கொள்ளும் அளவுக்கு நினைவகத்தில் ஒரு கூடை வைத்துக்கொள்கின்றன. இதனால் நினைவகமும் அடுக்கும் உழைப்பும் பெருமளவு மிச்சப்படும். எல்லா வரியையும் ஒருமுறை பார்க்கும் வேலை மட்டும் அப்படியே நிற்கும்.

அந்த வேலையையும் குறைக்க வழி உண்டா? மீன் ஏற்கெனவே அளவுவாரியாகக் கடவங்களில், அதாவது பெரிய கூடைகளில், பிரிந்து கிடந்தால், பெரிய மீன் உள்ள கடவத்திடம் நேரே போய் ஐந்தை எடுத்துவிடலாம். தரவுத்தளத்தில் இந்த முன்னேற்பாட்டின் பெயர் இண்டெக்ஸ்: ஒரு புலத்தின் மதிப்புகளை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றும் எந்த வரியில் இருக்கிறது என்ற குறிப்போடு தனியே வைத்திருக்கும் அமைப்பு. புத்தகத்தின் கடைசியில் அகரவரிசையில் சொல்லும் பக்க எண்ணும் இருக்குமே, அதே வேலை. கிலோ புலத்துக்கு இண்டெக்ஸ் இருந்தால், தரவுத்தளம் அதன் உச்சிக்குப் போய்ப் பத்துக் குறிப்புகளைப் படித்து, பத்து வரியை எடுத்து நிறுத்திவிடும். பத்து லட்சம் வரி இருந்தாலும் கேள்வி கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும்.

இண்டெக்ஸ் இலவசம் அல்ல. கடவத்தில் பிரித்துப் போட ஒருவர் முன்பே உழைத்திருக்கிறார். ஒவ்வொரு புதிய வரியும் நுழையும்போது இண்டெக்ஸிலும் அதற்குரிய இடத்தில் செருக வேண்டும். அதனால் எல்லாப் புலத்துக்கும் போடாமல், அடிக்கடி வரிசைப்படுத்திக் கேட்கும் புலங்களுக்குப் போடுவதே என் வழக்கம்.

சுருக்கமாக: திரைக்கு எத்தனை வரி வரும் என்பதை லிமிட் தீர்மானிக்கிறது. எத்தனை வரியைப் புரட்ட வேண்டும் என்பது பெரும்பாலும் பொருத்தமான இண்டெக்ஸ் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது.

1330 குறளும் பக்கம் பக்கமாக

நீண்ட பட்டியலைப் பத்துப் பத்தாகக் காட்டி, ‘அடுத்த பக்கம்’ என்று ஒரு பொத்தான் வைப்பதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். லிமிட்டின் மிகப் பரவலான பயன்பாடு இதுதான். இதற்கு நம் கன்னியாகுமரிக் கடலில் நிற்பவரையே துணைக்கு அழைக்கலாம். 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலையின் மொத்த உயரம் 133 அடி. குறளின் அதிகாரங்கள் 133. அதிகாரத்துக்குப் பத்துக் குறள், ஆக 1330. பக்கத்துக்குப் பத்து வரி என்று யாரோ திட்டமிட்டுப் பிரித்து வைத்த தரவுத்தளம்போலவே இருக்கிறது.

எல்லாக் குறளும் ஓர் அட்டவணையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கல்வி அதிகாரம் நாற்பதாவது. அதற்கு முன்னால் 39 அதிகாரங்கள், 390 குறள்கள். இப்படிக் கேட்கலாம்:

செலக்ட் குறள் ஃப்ரம் திருக்குறள் ஆர்டர் பை எண் லிமிட் 10 ஆஃப்செட் 390

ஆஃப்செட் என்றால் இத்தனை வரியைத் தாண்டிவிடு என்று பொருள். 390-ஐத் தாண்டி, 391 முதல் 400 வரை வரும். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் தாண்டுவது என்றால் தரவுத்தளம் ஒரே பாய்ச்சலில் குதிப்பதில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று 390 வரியையும் எண்ணிக் கடந்து, எறிந்துவிட்டு, அதன்பிறகு பத்தைத் தருகிறது. கடைசி அதிகாரத்துக்கு 1320-ஐ எண்ணி எறிய வேண்டும். 1330 சின்ன எண். பத்து லட்சம் வரியில் கடைசிப் பக்கத்தைக் கேட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். முதல் பக்கம் பளிச்சென்று வருகிறது, உள்ளே போகப் போக இழுக்கிறது என்று புகார் வந்தால், நான் முதலில் தேடுவது ஆஃப்செட்டைத்தான்.

மாற்று வழி எளிது. “390-ஆம் குறளுக்கு அடுத்ததிலிருந்து பத்து” என்று கேட்பது:

செலக்ட் குறள் ஃப்ரம் திருக்குறள் வேர் எண் > 390 ஆர்டர் பை எண் லிமிட் 10

வேர் என்பது நிபந்தனை சொல்லும் சொல். எண் புலத்துக்கு இண்டெக்ஸ் இருந்தால் தரவுத்தளம் நேரே 391-இல் போய் இறங்கும். எண்ணிக் கடப்பது இல்லை. படித்துக்கொண்டிருந்த புத்தகத்தில் அடையாளத்துக்கு ஒரு நூலிழையை வைத்து மூடுவதுபோல, கடைசியாகப் பார்த்த எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு அங்கிருந்து தொடர்வது. இதில் ஒரு குறை உண்டு: ‘57-ஆவது பக்கத்துக்குப் போ’ என்று நடுவில் தாவ முடியாது, அடுத்து அடுத்து என்றுதான் போக முடியும். நம்மில் எத்தனை பேர் 57-ஆவது பக்கத்துக்கு வேண்டுமென்றே தாவுகிறோம்? பெரும்பாலான திரைகளுக்கு இந்த வழியே போதும் என்பது என் கருத்து.

குறள் கூடுவதில்லை, குறைவதில்லை. ஆனால் ஏலப் பதிவு அப்படியா? புதியது மேலே வரும்படி ஒரு மீன் ஏலப் பட்டியலைப் பத்துப் பத்தாகப் பார்க்கிறீர்கள். முதல் பக்கத்தைப் படித்து முடிப்பதற்குள் மூன்று ஏலம் புதிதாக ஏறிவிட்டது. எல்லாம் மூன்று படி கீழே இறங்கும். ஆஃப்செட் 10 என்று இரண்டாம் பக்கம் கேட்டால், ஏற்கெனவே பார்த்த மூன்று மறுபடியும் தலைகாட்டும். மூன்று வரி அழிக்கப்பட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம்: மூன்று ஏலம் உங்கள் கண்ணில் படாமலே போய்விடும். கடைசியாகப் பார்த்த எண்ணிலிருந்து தொடர்ந்தால் இரண்டும் நேராது.

சமமாக நிற்பவர்களை என்ன செய்வது?

நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. மழை பலத்த மறுநாள் பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, பாலமோர் என்று நிலையவாரியாக மில்லிமீட்டர் கணக்கு வரும். எடுத்துக்காட்டுக்காக ஒரு நாளை வைத்துக்கொள்வோம்: பாலமோர் 62, பேச்சிப்பாறை 58, பெருஞ்சாணி 51, சுருளகோடு 51. அதிக மழை பெய்த மூன்று இடம் எவை?

ஆர்டர் பை மழை டெஸ்க் லிமிட் 3 என்று கேட்டால் மூன்று வரி வரும். பாலமோரும் பேச்சிப்பாறையும் உறுதி. மூன்றாவதாகப் பெருஞ்சாணி வரலாம், சுருளகோடும் வரலாம். இன்று ஒன்று, நாளை மற்றொன்று. இரண்டும் 51 என்பதால் மழையை மட்டும் வைத்துத் தரவுத்தளத்தால் தீர்ப்புச் சொல்ல முடியாது. பரிசு கொடுக்கும் இடத்தில் இதைக் கவனிக்காமல் விட்டால் சம உழைப்பு உள்ள ஒருவருக்கு அநியாயம் நடந்துவிடும்.

செய்யக்கூடியது இரண்டு. சமமானவர்கள் எல்லோரும் வரட்டும் என்றால் வித் டைஸ் என்ற சொல் உண்டு. கேட்டது மூன்றானாலும் நான்கு வரி வரும். மைக்ரோசாஃப்டின் எஸ்.க்யூ.எல். சர்வர் என்ற தரவுத்தளத்தில் இது நெடுநாளாக இருக்கிறது. போஸ்ட்கிரெஸில் 2020-இல் வந்த 13-ஆம் பதிப்பில் சேர்ந்தது. மூன்றுதான் வேண்டும், ஆனால் விடை எப்போதும் மாறாமல் வேண்டும் என்றால் ஆர்டர் பையில் இரண்டாவதாக ஒரு புலத்தைச் சேர்க்க வேண்டும்: ஆர்டர் பை மழை டெஸ்க், நிலைய_எண். மழை சமமானால் நிலைய எண் தீர்மானிக்கும். பக்கம் பக்கமாகக் காட்டும் வினவல்களில் இந்த இரண்டாவது புலம் கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் சமமான வரிகளில் ஒன்று இரண்டு பக்கங்களிலும் வந்து, இன்னொன்று எந்தப் பக்கத்திலும் வராமல் போகலாம்.

ஒரே கருத்து, பல பெயர்

மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ், எஸ்க்யூலைட் ஆகிய தரவுத்தளங்களில் லிமிட் என்ற சொல். மைக்ரோசாஃப்டின் எஸ்.க்யூ.எல். சர்வரில் டாப், அது செலக்டை ஒட்டி முன்னாலேயே வரும். டாப் 10 என்று வாசித்தால் உயர்ந்த பத்து என்று தோன்றும், ஆனால் இதற்கும் ஆர்டர் பை இல்லாமல் அந்தப் பொருள் கிடையாது. 2008-ஆம் ஆண்டு எஸ்.க்யூ.எல். தரநிலை இதற்கு ஃபெட்ச் ஃபர்ஸ்ட் என்ற பொது வடிவத்தைக் கொண்டுவந்தது. ஆரக்கிள் என்ற தரவுத்தளம் 2013-இல் 12சி பதிப்பில் இதை ஏற்றது.

அதற்கு முன் ஆரக்கிளில் ரோநம் என்ற ஏற்பாட்டைத்தான் பயன்படுத்தினார்கள். பழைய நிரல்களில் இன்றும் காணலாம். அதில் ஒரு பொறி இருக்கிறது. வரிகள் நிபந்தனையைத் தாண்டி வெளியே வர வர ரோநம் அவற்றுக்கு 1, 2, 3 என்று எண் கொடுக்கிறது, அதுவும் வரிசைப்படுத்துவதற்கு முன்பே. ‘ரோநம் 10-க்குள் இருப்பவை, கிலோ வரிசையில்’ என்று ஒரே மூச்சில் எழுதினால், கைக்கு எட்டிய பத்தை முதலில் எடுத்து, அந்தப் பத்தை மட்டும் அழகாக அடுக்கித் தரும். பார்ப்பதற்கு மிகச் சரியான பட்டியல்போல இறங்கு வரிசையில் இருக்கும். பிழை கண்ணுக்கே தெரியாது. உள்ளே ஒரு வினவலில் வரிசைப்படுத்திவிட்டு, வெளியே இருந்து ரோநம் கொண்டு நறுக்குவதே சரியான முறை.

கூட்டலை லிமிட் நறுக்காது

கடைசியாக ஒன்று, பணம் சம்பந்தப்பட்டது. ஒரு வினவலில் வேலைகள் ஓர் ஒழுங்கில் நடக்கின்றன: அட்டவணையை எடுப்பது, நிபந்தனையால் வடிகட்டுவது, கூட்டுவது, வரிசைப்படுத்துவது, எல்லாம் முடிந்தபின் லிமிட். பத்து வரியின் கூட்டுத்தொகை கிடைக்கும் என்று நம்பி, சம் என்ற கூட்டல் சொல்லோடு லிமிட் 10 போட்டால், மொத்த அட்டவணையின் கூட்டுத்தொகை ஒரே வரியாக வரும். நறுக்க அங்கே ஒரு வரிக்குமேல் இல்லை. பத்தின் கூட்டல் வேண்டுமானால் உள்ளே ஒரு வினவலில் பத்தைப் பிரித்தெடுத்து, வெளியே கூட்ட வேண்டும்.

இதற்கு நேரெதிரான ஆபத்தும் உண்டு; நீங்கள் எழுதாத லிமிட். தரவுத்தளத்தைத் திறந்து பார்க்க உதவும் கருவிகள் பல, திரை திணறாமல் இருக்கத் தாமாகவே ஓர் எல்லையைப் போட்டுக்கொள்கின்றன. மைஎஸ்க்யூஎல் ஒர்க்பெஞ்ச் வழக்கமாக 1000 வரியோடு நிறுத்தும். அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் திரையில் வந்ததை அப்படியே எக்செலில் ஒட்டி, கீழே கூட்டல் போட்டு, ‘இதுதான் இந்த மாத வரவு’ என்று சொல்லும்போது விபரீதமாகிவிடுகிறது. வரி எண்ணிக்கை 1000 என்று முழு எண்ணாக நின்றால் கூட்டலில் கை வைக்காதீர்கள். ‘செலக்ட் கவுண்ட்’ என்று மொத்த எண்ணிக்கையைத் தனியாக ஒருமுறை கேளுங்கள். விடை 1000 என்றே வந்தால் தொடருங்கள். 1001 என்று வந்தால், அந்த ஒரு வரி யாருடையது என்று தேடிப் பார்த்துவிட்டுத் தொடருங்கள்.